சித்ர சந்தேயில் புதிய ஓவியங்கள்: வரையத் தொடங்குவதிலிருந்து ஸ்டாலைக் கழற்றுவது வரை

ஆண்டுதோறும் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரு குமாரகிருபா சாலையில் போக்குவரத்தை நிறுத்திவிட்டு ஓவியங்களுக்கு வழி விடுகிறார்கள். கர்நாடக சித்ரகலா பரிஷத் என்ற கலை நிறுவனம் நடத்தும் சித்ர சந்தே, அதாவது ஓவியச் சந்தை, அது. 2025 ஜனவரி 5 அன்று நடந்தது 22ஆவது சந்தே. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியர்கள் சாலையின் இரு பக்கமும் உட்கார்ந்திருப்பார்கள். மைசூர் ஓவியத்துக்குப் பக்கத்தில் மதுபனி, அதற்கு அடுத்து அக்ரிலிக்கில் அரூப ஓவியம், அப்புறம் தஞ்சாவூர்ப் படங்கள் என்று போய்க்கொண்டே இருக்கும். தமிழ்நாட்டிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் நிறையப் பேர் போகிறார்கள். முதல் முறை போக நினைக்கும் ஓவியருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் விற்காமல் இருக்கும் படங்களையெல்லாம் கட்டிக்கொண்டு போவதுதான் வழக்கம். பிள்ளையார் ஒன்று, புத்தர் ஒன்று, ஒரு குதிரைக் கூட்டம், ஒரு மழைத் தெரு, கூடவே இந்த ஆண்டு வரைந்த இரண்டு மூன்று. அப்படிப் போகாதீர்கள். ஸ்டால் சுவர் முழுவதையும் புதிதாக, ஒரே கருவைச் சுற்றி வரைந்த ஒரு படவரிசைக்குக் கொடுங்கள். ஆயிரம் ஸ்டால்களைக் கடந்து நடக்கும் ஒருவர் உங்கள் முன் சில நொடிகள்தான் நிற்பார். கலவையாகத் தொங்கும் சுவரில் அவர் கண் எங்கும் நிற்காது. ஒரே குரலில் பேசும் பத்துப் படங்கள் இருந்தால், ‘இது யாரோ ஒருவர் எதையோ தேடி வரைந்தது’ என்று தூரத்திலிருந்தே தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. புதிய வேலையை ஒரே நாளில் இத்தனை பேர் பார்ப்பது எந்த கேலரியிலும் நடக்காது. அந்தப் பார்வைகளைப் பழைய படங்களுக்குச் செலவிடுவது வீண்.

விண்ணப்பம்

அறிவிப்பு சந்தேக்குச் சில மாதங்கள் முன்பே வரும். தேதி, கட்டணம், விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். போன வருஷம் போனவர் சொன்னதை நம்பாமல் பரிஷத்தின் இணையதளத்தையே பாருங்கள். படங்களின் புகைப்படம் கேட்பார்கள். அதற்கும் புதிய வரிசையில் முடிந்த நான்கைந்தை அனுப்புங்கள். காலை பத்து மணிவாக்கில் நிழலான திறந்த இடத்தில் கேன்வாஸை நிறுத்தி, கேமராவைப் படத்துக்கு நேராகப் பிடித்து எடுத்தால் செல்போனே போதும். ஃபிளாஷ் வேண்டாம், ஃபில்டர் கண்டிப்பாக வேண்டாம்.

ஜனவரியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

தமிழ்நாட்டு ஓவியருக்கு இங்கேதான் சிக்கல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சந்தேக்கு மும்முரமாக வரையும் மாதங்களும் அவைதான். காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது வண்ணம் காய நேரமாகும், கேன்வாஸ் தொய்யும், காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும், வார்னிஷ் பால் ஊற்றியதுபோல் வெளுத்துப் போகும். இந்த வெளுப்பைச் சரிசெய்வது பெரும் பாடு. அதனால் எந்த ஊடகத்தில் (எண்ணெய், அக்ரிலிக், நீர்வண்ணம்) வரைகிறீர்களோ அதற்கேற்ப நாட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் வண்ணம் என்றால், இறுதி வார்னிஷ் பூச 6 முதல் 12 மாதம் வரை காத்திருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. மேலே காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே இன்னும் இறுகிக்கொண்டிருக்கும். ஜனவரி சந்தேக்கு எண்ணெய்ப் படங்கள் கொண்டுபோக ஆசை இருந்தால் கோடையிலேயே முடித்துவிடுங்கள். அப்போதும் தற்காலிகப் பாதுகாப்புக்குப் பூசும் மெல்லிய ரீடச் வார்னிஷோடு நிறுத்திக்கொண்டு, முழு வார்னிஷை எப்போது பூசலாம் என்று வாங்குபவருக்கு ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். நல்ல ஓவியர் என்ற பெயர் இப்படித்தான் வரும்.

அக்ரிலிக் சௌகரியமானது. மெல்லிய பூச்சு என்றால் இரண்டு மூன்று நாளில் வார்னிஷுக்குத் தயார். கத்தியால் தடிமனாக அப்பியிருந்தால் இரண்டு வாரமாவது விடுங்கள். மழை விட்டு வெயிலடிக்கும் நாளாகப் பார்த்து, நண்பகலுக்குள், மின்விசிறியை அணைத்துவிட்டுப் பூசுங்கள். ஓடினால் தூசி வந்து ஒட்டும். தெருவில் காட்டப்போகும் படத்துக்குப் பளபளப்பான வார்னிஷைவிட மேட் அல்லது சாட்டின் வார்னிஷ் நல்லது. திறந்த வெளியில் பளபளப்பு வானத்தைப் பிரதிபலிக்கும். பார்ப்பவருக்குப் படத்துக்குப் பதில் வெள்ளைத் திட்டுதான் தெரியும்.

நீர்வண்ணம் வரைபவர்கள் 300 ஜிஎஸ்எம் காகிதத்துக்குக் குறையாமல் எடுங்கள். அமிலமில்லாத மவுண்ட் போர்டில், மேல் பக்கம் மட்டும் ஒட்டித் தொங்கவிடுங்கள். ஃபெவிகாலைக் காகிதம் முழுக்கப் பூசி ஒட்டும் பழக்கம் நம் ஊர் ஃப்ரேம் கடைகளில் இன்னும் இருக்கிறது. அப்படி ஒட்டினால் படத்தைப் பிறகு பிரிக்கவே முடியாது. கடைக்காரர் பக்கத்தில் நின்று வேண்டாம் என்று சொல்லுங்கள். பயணத்துக்குக் கண்ணாடியைவிட அக்ரிலிக் ஷீட் பாதுகாப்பு, எடையும் பாதி.

நிறங்களிலும் கவனம் வேண்டும். அலிசரின் கிரிம்சன் வெளிச்சத்தில் மங்கும், ஃப்ளோரசென்ட் நிறங்கள் இன்னும் சீக்கிரம் வெளுக்கும். ஒரு நாள் சந்தேயில் ஒன்றும் தெரியாது. வாங்கியவர் வீட்டுச் சுவரில் சில ஆண்டுகளில் தெரிந்துவிடும். அந்தச் சிவப்புக்குப் பதிலாகக் குயினாக்ரிடோன் வகை நிறங்கள் நன்றாகத் தாக்குப்பிடிக்கின்றன.

எத்தனை படம், என்ன அளவு

உங்களுக்குக் கிடைக்கும் இடத்தின் அளவு தெரிந்ததும் மொட்டை மாடியில் சாக்பீஸால் அதே அளவுக்குக் கட்டம் போடுங்கள். இரண்டு கம்பு நட்டு, பழைய சேலையைக் கட்டி, படங்களை உண்மையாகவே தொங்கவிட்டுப் பாருங்கள். மனக்கணக்கில் பதினைந்து படம் பிடிக்கும் சுவரில் ஒன்பதுதான் மூச்சுவிடும். படத்துக்குப் படம் நான்கு விரல் இடைவெளியாவது வேண்டும்.

கொண்டுபோக நான் சொல்லும் கலவை இது: 24க்கு 36 அங்குலத்தில் ஒன்றோ இரண்டோ, அவைதான் தூரத்திலிருந்து ஆளை இழுக்கும். 18க்கு 24இல் நான்கைந்து. 12க்கு 12இல் ஆறேழு. அதற்கும் கீழே, அதே வரிசைக்காக வரைந்த சின்னச் சின்ன மாதிரிகள், கோட்டோவியங்கள். இந்தக் கடைசி வகையை அலட்சியம் செய்யாதீர்கள். பெரிய படத்தின் முன் நின்று ஆசைப்பட்டு, விலையைக் கேட்டுத் தயங்கும் கல்லூரி மாணவி, அதே கையின் ஒரு மூல ஓவியத்தை எடுத்துப் போக முடியும். அச்சுப் பிரதியும் வைக்கலாம், ஆனால் அமிலமில்லாத காகிதத்தில் அச்சிட்டு, மொத்தம் எத்தனை பிரதி, இது எத்தனையாவது என்று எழுதிக் கையெழுத்திட்டு. அச்சை மூலம் என்று நினைத்து ஒருவர்கூட வாங்கிவிடக் கூடாது. அதனால் மேசையில் தனி அடுக்காக, தெளிவான பலகையோடு வையுங்கள்.

ஒவ்வொரு கேன்வாஸின் பின்புறமும் தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு, உங்கள் பெயர் இருக்கட்டும். மேல் விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே இரு பக்கமும் டி-வளையம் திருகி, இடையில் கம்பி கட்டுங்கள். தொய்ந்த கேன்வாஸ் என்றால் பின்னால் மூலைகளில் உள்ள மர ஆப்புகளை மெதுவாகத் தட்டினால் இறுகும்.

விலை

சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று போடுவது பலரின் வழக்கம். உதாரணத்துக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 12க்கு 12 படம் 2,880 ரூபாய், 18க்கு 24 படம் 8,640, 24க்கு 36 படம் 17,280. சின்னப் படம் அநியாயத்துக்கு மலிவாகவும் பெரிய படம் எட்டாத உயரத்திலும் போய் நிற்கிறது. இன்னொரு வழி, நீளத்தையும் அகலத்தையும் கூட்டிப் பெருக்குவது. அங்குலத்துக்கு 200 ரூபாய் என்றால் அதே படங்கள் 4,800, 8,400, 12,000 என்று வரும். தெருச் சந்தைக்கு இரண்டாவது கணக்குதான் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். சின்னப் படத்துக்கும் யோசனை குறைவதில்லை, பெரிய படத்தைச் சாதாரணக் குடும்பத்தவர் ஒருவர் வாங்கும் விலையிலும் வைக்க முடிகிறது. எந்தக் கணக்கானாலும் கேன்வாஸ், வண்ணம், ஃப்ரேம், போக்குவரத்து எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். ஃப்ரேம் செலவைத் தனியாகச் சேருங்கள்.

ஒரே அளவுப் படங்களுக்கு ஒரே விலை. ‘இது எனக்கு ரொம்பப் பிடித்தது, அதனால் கூட’ என்று வைத்தால் மற்றவை உங்களுக்கே பிடிக்கவில்லை என்று ஆகிவிடும். விலையை எழுதி ஒட்டுங்கள். கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் நிறையப் பேர். விலை தெரியாவிட்டால் பேசாமல் நடந்துவிடுவார்கள்.

கட்டுவதும் கொண்டுபோவதும்

அக்ரிலிக் பரப்பு காய்ந்த பிறகும் சூட்டில் ஒட்டும். இரண்டு படங்களை முகத்தோடு முகம் வைத்துப் பேருந்தின் டிக்கியில் போட்டால் பிரிக்கும்போது வண்ணம் பெயரும். கேக் சுடும் தட்டில் விரிக்கும் சிலிகான் பூசிய பேப்பரை முதலில் பரப்பின்மேல் வையுங்கள். மெழுகு பூசிய பட்டர் பேப்பர் கூடாது. அதன்மேல் பபிள் ரேப், குமிழ்கள் வெளிப்பக்கம் பார்த்தபடி. உள்பக்கம் பார்த்தால் வட்ட வட்டமாகத் தடம் விழும். மூலைகளுக்கு மடித்த அட்டை. இப்படிச் சுற்றிய ஒரே அளவுப் படங்களை முகம் முகமாகச் சேர்த்து, நடுவில் தெர்மகோல் பலகை வைத்துக் கட்டினால் கட்டு உறுதியாக இருக்கும்.

18க்கு 24 வரை ரயிலில் சமாளிக்கலாம். அதற்கு மேல் என்றால் நாலைந்து ஓவியர்கள் சேர்ந்து ஒரு வேன் பிடிப்பதுதான் உத்தமம், செலவும் பங்காகும். சனிக்கிழமை மதியத்துக்குள் போய்ச் சேருங்கள். இடத்தைப் பார்த்துவிட்டு, நேரம் இருந்தால் பரிஷத்தின் உள்ளே இருக்கும் ரோரிக் கூடத்துக்கும் போய் வாருங்கள். ரஷ்ய ஓவியர் நிக்கோலஸ் ரோரிக், அவர் மகன் ஸ்வெதோஸ்லாவ் ரோரிக் இருவரின் படங்களும் அங்கே இருக்கின்றன. ஸ்வெதோஸ்லாவ் நடிகை தேவிகா ராணியோடு பெங்களூருக்கு வெளியே தாதகுணி தோட்டத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். அந்தப் படங்களில் வரும் மலைகளின் நீலத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் ஸ்டாலில் உட்காருவது தனித் தெம்பு.

ஞாயிறு காலை

விடியும்போதே போய்விடுங்கள். ஜனவரியில் பெங்களூருக் காலை குளிரும், பனியும் இறங்கும். கேன்வாஸைத் தரையில் வைக்காமல் தார்ப்பாய் விரித்து வையுங்கள். மதியத்தில் வெயில் சுரீரென்று இருக்கும். காலையில் நிழலாக இருக்கும் சுவரில் மூன்று மணிக்கு எங்கே வெயில் விழும் என்று இடத்தைப் பார்க்கும்போதே யோசித்துக்கொள்ளுங்கள். நீர்வண்ணப் படங்களை அந்தப் பக்கம் மாட்டாதீர்கள்.

மேலே சாமியானா துணி இருந்தால் அதன் நிறத்தைப் பாருங்கள். சிவப்புத் துணிக்குக் கீழே உங்கள் பச்சை சாம்பலாகும், நீலத் துணிக்குக் கீழே மனித முகமெல்லாம் நோயாளிபோலத் தெரியும். புதிய வேலையின் நிறங்களுக்காக மாதக் கணக்கில் உழைத்துவிட்டு இதைக் கவனிக்காமல் விடுவது பெரிய நஷ்டம். வெள்ளை வேட்டி இரண்டு கொண்டுபோய் உள்ளே கட்டிவிட்டால் வெளிச்சம் சமனாகும். மரத்தடி கிடைத்தால் நிழல் அருமையாக இருக்கும், ஆனால் கிளையில் காக்கை உட்காரும். தலைக்குமேல் ஒரு கண்ணாடித்தாள் விரிப்பு கட்டாயம்.

பின்னணிக்குச் சாம்பலோ மங்கிய வெள்ளையோ நிறத்தில் சுருக்கமில்லாத துணி. படங்களின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 57 முதல் 60 அங்குலத்தில் இருந்தால் நிற்பவர் கண்ணுக்கு நேராக வரும். பெரியது நடுவில் வேண்டாம். கூட்டம் வரும் திசைக்கு எதிர்ப்பக்கத்தில் மாட்டினால் நடந்து வருபவர் தூரத்திலிருந்தே அதைப் பார்ப்பார், அதை நோக்கி வரும்போது மற்றவற்றையும் கடப்பார். ஈசல் என்ற படத்தாங்கியை வைத்தால் அதன் காலில் மணல் மூட்டையோ தண்ணீர் கேனோ கட்டுங்கள். ஒரு காற்று போதும், வரிசையாகச் சாயும். கேபிள் டை, எஸ்-கொக்கி, கத்தரி, சுத்தி, கயிறு, மார்க்கர், சுத்தமான துணி எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

மாலை ஆறரைக்கு மேல் இருட்டிவிடும். அலுவலக வேலைக்காரர்களும் குடும்பங்களும் ஆற அமரப் பார்க்கும் நேரமும் அதுதான். சார்ஜ் செய்யும் எல்இடி விளக்குகள் கொண்டுபோங்கள். 4000 கெல்வின் அளவில் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் எண்), சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் என்று பெட்டியில் போட்டிருப்பதாக வாங்கினால் நிறங்கள் அதிகம் மாறாமல் தெரியும்.

துணைக்கு ஒருவர் இல்லாமல் போகாதீர்கள். சாப்பிட, கழிப்பறைக்குப் போக, பணம் வாங்க, படம் கட்டித் தர, எல்லாவற்றையும் ஒருவரே செய்தால் பேச ஆள் இருக்காது.

பேச்சு

செல்போனைப் பார்த்துக்கொண்டு ஸ்டாலுக்குள் உட்கார்ந்திருப்பவரிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பக்கவாட்டில் நில்லுங்கள், படத்தை மறைக்காமல். வந்தவர் கண் ஒரு படத்தில் நிற்கும்வரை பேசாதீர்கள். நின்றதும் அந்தப் படத்தைப் பற்றி ஒரு வரி, அவ்வளவுதான்: எந்த ஊர், என்ன நேரம், ஏன் அந்த நிறம். ‘நீரும் வாழ்வும்’ என்பதுபோன்ற பெரிய பேச்சைவிட ‘பழவேற்காட்டில் படகு கரையேறும் நேரம், சேறு இந்த நிறத்தில்தான் இருக்கும்’ என்று சொன்னால் மனதில் நிற்கும். ‘நமஸ்காரா’ சொல்லத் தெரிந்தால் போதும். கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் எல்லாமே அந்தச் சாலையில் ஓடும். தலைப்புச் சீட்டுகளைக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வைப்பது மரியாதை. கன்னடம் தெரிந்த நண்பரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

‘கடைசி விலை என்ன சார்?’ என்று நாள் முழுக்கக் கேட்பார்கள். கோபப்பட ஒன்றுமில்லை, சந்தை என்றால் அப்படித்தான். ஆனால் காலையிலேயே ஒரு முடிவோடு இருங்கள். ஒரே ஆள் இரண்டு படம் எடுத்தால் ஃப்ரேம் செலவைக் குறைக்கலாம், மாணவருக்குச் சிறு கோட்டோவியத்தில் சலுகை தரலாம். மற்றபடி விலை விலைதான். இரவு எட்டு மணிக்குத் திரும்பத் தூக்க வேண்டுமே என்று பாதி விலைக்குக் கொடுக்காதீர்கள். காலையில் முழு விலை கொடுத்து வாங்கியவர் திரும்பிப் போகும் வழியில் அதைப் பார்ப்பார்; அவர் உங்களை நம்பி வாங்கியவர்.

படம் பிடிப்பவர்களைத் தடுக்க வேண்டாம். உங்கள் பெயர் தெரியும் சிறு பலகை அவர்கள் எடுக்கும் புகைப்படத்துக்குள் வரும்படி வையுங்கள், போதும்.

அங்கேயே உட்கார்ந்து வரைவது கூட்டம் சேர்க்கும். உருவப்படம் வரைபவர்களுக்கு அதுவே நல்ல வருமானம். புதிய வரிசையைக் காட்டப் போயிருக்கிறீர்கள் என்றால், அதே வரிசையிலேயே ஒரு சின்னப் படத்தை வரையுங்கள். முகம் வரையத் தொடங்கினால் ஆட்கள் அதற்காக வரிசைகட்டி நிற்பார்கள், சுவரை ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

பணம், ரசீது, உரிமை

யுபிஐ க்யூஆர் அட்டையை லேமினேட் செய்து இரண்டு பிரதி வையுங்கள். கூட்டத்தில் நெட்வொர்க் திணறும். இரண்டு வேறு நிறுவன சிம் இருந்தால் நல்லது. பணம் கணக்கில் ஏறியதை உங்கள் போனில் பார்த்த பிறகே படத்தைக் கட்டுங்கள், வாங்குபவர் திரையில் காட்டுவது போதாது. ரசீதுப் புத்தகம் ஒன்று, கூடவே தலைப்பு, அளவு, ஊடகம், ஆண்டு எழுதிக் கையெழுத்திட்ட சான்று அட்டை. வெளிமாநிலத்தில் விற்கும்போது ஜிஎஸ்டி விதி வேறுபடும் என்பதால் ஒரு மாதம் முன்பே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

படத்தை விற்றாலும் அதன் பதிப்புரிமை உங்களிடமே இருக்கும். எழுத்தில் மாற்றிக் கொடுத்தால்தான் போகும். வாங்கியவர் அதைக் காலண்டரில் அச்சிட வேண்டுமானால் உங்களைக் கேட்க வேண்டும். ஆனால் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் காசு கொடுத்துத் தனக்காக வரையச் சொன்ன ஓவியத்தின் பதிப்புரிமைக்கு முதல் உரிமையாளர் அவர்தான், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால். சந்தேயில் ‘இதே மாதிரி எங்க வீட்டுக்கு ஒண்ணு வரைஞ்சு குடுங்க’ என்று ஆர்டர் வரும். பாதிப் பணம் முன்பணமாக வாங்கி, அளவு, நாள், உரிமை யாருக்கு என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

முடிந்த பிறகு

ஒரு நோட்டைத் துணைக்கு வந்தவரிடம் கொடுத்து, எந்தப் படத்தின் முன் ஆட்கள் நின்றார்கள், எதைத் தாண்டிப் போனார்கள் என்று அவ்வப்போது கோடு போடச் சொல்லுங்கள். அதிகம் பேர் நின்ற படமும் முதலில் விற்ற படமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. அடுத்த ஆறு மாதம் எதை வரைய வேண்டும் என்று யோசிக்கும்போது நான் நின்றவர்களின் கணக்கைத்தான் பார்ப்பேன். விற்றது சில சமயம் சோபாவின் நிறத்துக்குப் பொருந்தியதால் விற்றிருக்கும். சும்மா நின்றவருக்கு அப்படி எந்தத் தேவையும் இல்லை.

எண் கொடுத்தவர்களுக்குச் செவ்வாய்க்கிழமைக்குள் ஒரு செய்தி அனுப்புங்கள், அவர்கள் நின்று பார்த்த படத்தின் புகைப்படத்தோடு. வாங்கியவர்களுக்கு, படத்தை ஈரச் சுவரிலும் நேர் வெயிலிலும் மாட்ட வேண்டாம், உலர்ந்த மென்துணியால் மட்டும் துடையுங்கள் என்று எழுதுங்கள். வீட்டுக்கு வந்த கட்டுகளை அன்றே பிரித்துவிடுங்கள். பபிள் ரேப்புக்குள் ஒரு வாரம் கிடந்தால் ஈரம் கோத்துக்கொள்ளும். விற்காத படங்களைச் சுவரில் சாய்த்து வைத்து, பின்புறத்தில் தேதியையும் சந்தேயில் காட்டிய விலையையும் பென்சிலால் குறித்து வையுங்கள். அடுத்த கண்காட்சியில் அதற்குக் குறைவாகப் போடாமல் இருக்க அது உதவும்.